வாசலில் ஹெல்மெட் சோதனையா, வருகையில் பத்து நிமிடச் சலுகையா?

பைக்கில் வேலைக்கு வருபவர்கள் வழியில் அடிபடாமல் இருக்க இந்த இரண்டில் எது முதலில் வேண்டும்? ஒரகடம் போன்ற தொழிற்பேட்டைகளில் பல ஆலைகளின் வாசலில் காவலாளி ஹெல்மெட்டைப் பார்த்த பிறகே பைக்கை உள்ளே விடுவது வழக்கம். செலவில்லை, மறுநாளே பலன் தெரியும். ஆனால் வழியெல்லாம் பெட்ரோல் டேங்க் மேல் கிடந்த ஹெல்மெட், வாசலுக்கு ஐம்பதடி முன்னால்தான் தலைக்கு ஏறுகிறது. தாடைப்பட்டை தொங்கிக்கொண்டே இருக்கிறது. பின்னால் அமர்ந்து வருபவரை யாரும் கேட்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறது.

பத்து நிமிடம் பிந்தினாலும் சம்பளம் பிடிக்காத சலுகை வேறு மாதிரி வேலை செய்யும். ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் அரை நாள் சம்பளம் போகும் என்றால், லாரிக்கும் தடுப்புச்சுவருக்கும் நடுவே புகுந்துதான் வருவார்கள். பத்து நிமிடம் நாளைக்குப் பதினைந்தாகும் என்று மனிதவளத் துறை முகம் சுளிக்கும். ஆகட்டுமே! ஹெல்மெட் விழும்போது காக்கிறது. சலுகை அவசரத்தையே குறைக்கிறது. சோதனை தொடரட்டும், முதலில் வருகை விதியைத் திருத்துங்கள்.