ஆப்பில் கவுன்சிலிங்கா, நேரில் பார்க்கும் தமிழ் கவுன்சிலரா?

மனசு சரியில்லை, யாரிடமாவது முறையாகப் பேசலாம் என்று முடிவு செய்துவிட்ட ஒருவருக்கு இன்றைய சென்னையில் வழிகளுக்குப் பஞ்சமில்லை. போனில் ஆப் இருக்கிறது, அரசு ஹெல்ப்லைன் இருக்கிறது, அரசு மருத்துவமனை இருக்கிறது, தெருவுக்குத் தெரு கவுன்சிலிங் போர்டும் இருக்கிறது. இவற்றில் சிலவற்றை முயன்று பார்த்து ஒன்றில் நின்றவன் நான். அதனால் என்னிடம் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம். நேரில் போய் உட்கார்ந்து, தமிழில் பேசி, நம் வீட்டு நடைமுறை தெரிந்த கவுன்சிலரைப் பார்ப்பதுதான் என் கட்சி.

இலவச வழிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். டெலி மானஸ் என்ற மனநல ஹெல்ப்லைன், எண் 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. இருபத்து நான்கு மணி நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறவர்களுக்குச் சென்னையில் 1986 முதல் ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இருக்கிறது. மாத்திரை தேவைப்படுகிற நோய் என்றால், மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ, 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கோ போவதில் கூச்சமே வேண்டாம். ஆனால் வாரா வாரம் ஒரே ஆளிடம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசுவது வேறு வேலை. ஓபி வரிசையில் அதற்கு நேரம் கிடைப்பது கஷ்டம். ஹெல்ப்லைனில் போன வாரம் பேசிய அதே குரல் மறுபடி கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. அவசரத்துக்கு அவை, தொடர்ந்து பேச வேறு ஆள் என்று பிரித்துக்கொண்டேன்.

மிச்சம் இரண்டு: ஆப், அல்லது நேர். செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. நான் ஆப்பில் ஒரு செஷனுக்கு 900 ரூபாய் கட்டினேன், வேளச்சேரியில் நேரில் 1,200. அலைச்சல் நேரில் அதிகம், சாயங்கால டிராஃபிக் பற்றிச் சொல்லத் தேவையில்லை. யாருக்கும் தெரியாமல் பேசும் வசதியில் ஆப்தான் ஜெயிக்கும் என்று நினைத்திருந்தேன், அப்படியும் இல்லை. இரண்டு பெட்ரூம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினால், 'இவ்வளவு நேரம் யார்கிட்ட?' என்ற கேள்வி வரும். கடைசியில் அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில், காருக்குள் உட்கார்ந்துதான் பேசினேன். ஆப்பில் தமிழ் என்று போட்டுத் தேடினால் வந்தவர்கள் சிலர்தான். அவர்களுக்கும் ஆபீஸ் நேரத்தில்தான் ஸ்லாட் இருந்தது. அதனால் ஆங்கிலத்தில், வட இந்திய நகரம் ஒன்றில் இருந்த கவுன்சிலரிடம் பேசினேன். நல்ல மனிதர், படித்தவர், பொறுமைசாலி. அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

இனி நான் முடிவெடுத்த காரணத்துக்கு வருகிறேன். அதற்கு என் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அக்கா மகளுக்குச் சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் நான் ஒருவன்தான். அப்பா இல்லை. சீர் நாலு பேர் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றார் அம்மா. நானோ வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருப்பவன். அதற்கு மேல் பர்சனல் லோன் போட்டு, நகை, பட்டு, தாம்பாளத் தட்டுகள், மேளம் எல்லாம் குறையில்லாமல் செய்தேன். விழா நன்றாக முடிந்தது. தூக்கம் போனது அதற்கப்புறம்தான். நெஞ்சு படபடப்பு என்று போனால் இசிஜி நார்மல், தைராய்டு நார்மல்.

இதை ஆப் கவுன்சிலரிடம் சொன்னேன். பரிசு கொடுக்க வசதி இல்லையென்றால் அக்காவிடம் நேரடியாகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டார். அவர் பக்கம் நியாயமான கேள்விதான். இது பரிசு இல்லை என்று ஆரம்பித்தேன். என் கல்யாணத்தில் அக்கா வீட்டார் என்ன செய்தார்கள், அது மொய் நோட்டில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, தாய்மாமன் வெறுங்கையோடு வந்தால் அக்காவுக்கு அவள் மாமியார் வீட்டில் என்ன பெயர், அப்பா இல்லாத வீட்டில் அந்த இடத்தில் நிற்பது யார் என்று ஒன்றன்பின் ஒன்றாக விளக்கிக்கொண்டே போனேன். அவர் குறிப்பெடுத்துக்கொண்டார். பார்த்தால் நாற்பது நிமிடம் போய்விட்டது. அடுத்த முறை அம்மா ஏன் எங்களோடு இருக்கிறார், சம்பளம் வந்ததும் அம்மா கையில் ஏன் ஒரு தொகை கொடுக்கிறேன் என்று இன்னொரு பாடம். கட்டின காசில் பாதி, நான் அவருக்கு வகுப்பெடுத்ததற்கான ஃபீஸ்.

நேரம் போனால்கூடப் பரவாயில்லை. இதில் இன்னொன்று நடக்கிறது, அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. வெளியாளுக்கு விளக்கும்போது நாம் நம் வழக்கத்துக்கு வக்கீலாகிவிடுகிறோம். அந்தச் சீர்மேல் எனக்குக் கோபம் இருந்தது, அம்மாமேலும் இருந்தது. ஆனால் அவரிடம் பேசும்போதெல்லாம், 'இல்லை, எங்கள் பக்கம் இதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது, எங்கள் அம்மா அப்படிப்பட்டவர் இல்லை' என்று தாங்கித் தாங்கிப் பேசிக்கொண்டிருந்தேன். ஊர்க்காரனாக மானம் காப்பாற்றிக்கொண்டிருந்தேனே தவிர, சொல்ல வந்த கோபம் வெளியே வரவே இல்லை.

வேளச்சேரியில் பார்த்தவர் என்னைவிடக் கொஞ்சம் மூத்த பெண்மணி. அங்கே 'தாய்மாமன் நான் ஒருத்தன்தான் மேடம்' என்றதும் தலையை ஆட்டினார். அதற்கு மேல் விளக்கம் கேட்கவில்லை. 'செய்யாம விட்டிருந்தா முதல்ல யார் பேசியிருப்பாங்க? மாமா வீட்டு ஆளுங்களா, உங்க அம்மாவா?' என்று கேட்டார். நான் யோசித்தேன். மாமா வீட்டில் யாரும் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. அக்கா போனிலேயே, 'முடிஞ்சதைச் செய்டா, போதும்' என்று சொல்லியிருந்தாள். பேசியிருக்கக்கூடியவர் அம்மா ஒருவர்தான். அங்கிருந்து பேச்சு அம்மாவிடம் போனது, அப்புறம் அப்பா போன வருஷத்துக்குப் போனது. எல்லாம் அந்த முதல் செஷனிலேயே. தெரிந்த ஆளிடம் வழக்கத்தைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லை. சீர் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும், அதில் இருக்கிற பாசமும் தெரியும், வயிற்றெரிச்சலும் தெரியும்.

சரி, அப்படியானால் நம்ம ஊர் ஆளாகப் பார்த்துப் போனால் போதுமா என்றால், அதுவும் இல்லை. இவருக்கு முன்னால், உறவினர் ஒருவர் சொல்லி ஒரு பெரியவரிடம் போயிருந்தேன். 'எந்த ஊர் தம்பி?' என்றார். சொன்னேன். 'யார் வகையறா?' என்றார். அதையும் சொன்னேன். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, 'தாய்மாமன்னா கடமை இருக்குல்ல தம்பி, அனுசரிச்சுத்தான் போகணும், கடன் இன்னைக்கு இருக்கும் நாளைக்குப் போயிடும்' என்றார். இதைச் சொல்ல எங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறது, அதுவும் ஃபீஸ் இல்லாமல். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆனால் தெரிந்ததன் பக்கமே நின்றார். வழக்கம் தெரிந்திருக்க வேண்டும், அதற்காக நம்மைத் திருத்தவும் கூடாது. நான் தேடியது இப்படிப்பட்ட ஆளைத்தான், அவர் ஒரே சாதியாகவோ ஒரே ஊராகவோ இருக்க வேண்டிய தேவை இல்லை. இப்போது பார்ப்பவர் எந்த ஊர் என்று இதுவரை எனக்குத் தெரியாது. அவரும் என் வகையறாவைக் கேட்டதில்லை.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க, அப்பாயின்ட்மென்ட் வாங்கும் போனிலேயே ஒன்று கேட்கலாம்: 'வீட்டுல பெரியவங்க ஒண்ணு சொல்றாங்க, எனக்கு அதுல இஷ்டம் இல்லைன்னா நீங்க என்ன சொல்வீங்க?' பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் என்றால் வேண்டாம். உங்க வாழ்க்கை, தூக்கிப் போட்டுட்டு வாங்க என்று உடனே சொன்னாலும் வேண்டாம். எனக்குக் கிடைத்த பதில், 'அதை நான் முடிவு பண்ண முடியாது, ரெண்டுலயும் உங்களுக்கு என்ன போகும், என்ன மிஞ்சும்னு உக்காந்து பேசலாம்' என்பது.

கனிவு பற்றியும் ஒரு வார்த்தை. இனிக்க இனிக்கப் பேசுவதைக் கனிவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-இல், வந்தவரை நிபந்தனையில்லாமல் மதிப்பது, அவர் நிலையில் நின்று புரிந்துகொள்வது, நடிக்காமல் இருப்பது என்ற மூன்றையும், மனிதர் மாறுவதற்கு அவசியமானவை என்றே எழுதினார். என் கவுன்சிலர், 'எல்லாம் சரியாயிடும்' என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நான் பேச்சை நிறுத்தினால் அவரும் அவசரப்படாமல் காத்திருப்பார். ஒரு நாள், 'இதை என்கிட்ட மூணு வாரமா சொல்றீங்க, அம்மாகிட்ட இன்னும் சொல்லலை' என்றார், சிரித்துக்கொண்டேதான். சுருக்கென்று இருந்தது, ஆனால் வலிக்கவில்லை.

படிப்பைப் பார்க்காமல் கனிவை மட்டும் நம்பிப் போய்விடவும் கூடாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்சிஐயில் பதிவு இருக்க வேண்டும், எண்ணைக் கேட்டால் தருவார்கள். கவுன்சிலர் என்ற பெயருக்கு அந்த அளவுக்குக் கட்டுப்பாடு இருந்ததில்லை, சில மாத டிப்ளமோவோடும் போர்டு மாட்டியிருக்கிறார்கள். 2021-இல் வந்த துணைநிலை மருத்துவத் தொழில்கள் சட்டம் இவர்களில் பலரைப் பதிவுக்குள் கொண்டுவரப் பார்க்கிறது. அதுவரை என்ன படித்தார், எங்கே பயிற்சி எடுத்தார் என்று நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம் மாத்திரை. அதை எழுதுவது மனநல மருத்துவரின் வேலை. தேவைப்பட்டால் யாரிடம் அனுப்புவீர்கள் என்ற கேள்விக்குப் பளிச்சென்று பதில் வர வேண்டும். நாம் சொன்னது வெளியே போகாதல்லவா என்றும் கேளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வீட்டில் சொல்வேன் என்று நேராகச் சொல்கிறவரை நம்பலாம்.

ஆப்பை நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை. சின்ன ஊரில், கவுன்சிலர் வீட்டு வாசலில் வண்டி நிறுத்தினாலே சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும் என்கிற இடத்தில், தூரத்து ஆள்தான் வசதி. சாதி மாறிக் காதலிக்கிறவர், தன்பால் ஈர்ப்பை வீட்டில் சொல்ல முடியாதவர் போன்றவர்களுக்கு, நம் வழக்கம் எதுவும் தெரியாத அந்த ஆங்கிலக் குரலே பாதுகாப்பாக இருக்கலாம். வக்கீலாவது பற்றி நான் மேலே சொன்னது அவர்கள் விஷயத்தில் பொருந்தாமல் போகலாம். ஓசிடி (வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் நோய்) மாதிரி, சிகிச்சை தருபவருக்குத் தனிப் பயிற்சி தேவைப்படும் நோய்களுக்கு, அந்த முறை தெரிந்தவர் எந்த மொழிக்காரராக இருந்தாலும் அவரிடம்தான் போக வேண்டும், வழக்கம் தெரிந்ததெல்லாம் அதற்குப் பிறகு. குழந்தைகளை அழைத்துப் போவது, கணவன் மனைவி சேர்ந்து போவது பற்றியெல்லாம் என்னிடம் சொந்த அனுபவம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், என் கட்சிக்கு எதிராக இருந்தாலும். மழைக்காலத்தில் வேளச்சேரியில் தண்ணீர் தேங்கியபோது கவுன்சிலரே வீடியோவில் பேசலாம் என்றார். பேசினோம். நேரில் பழகிய ஆள் என்பதால் திரையில் பேசியும் ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. இப்போது மாதத்தில் ஒரு முறை நேரில், மற்றது வீடியோவில் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். உட்காரும் இடம் மட்டும் இன்னும் அதே பார்க்கிங்தான், ஏசி போட்டுக்கொண்டு.