எடை குறைக்க ஊசி போடுகிறார்களா? முதலில் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள்

சுகர் இல்லாதவர்களுக்கும் சுகர் மருந்தை ஊசியாகப் போட்டு இளைக்க வைக்கிறோம் என்று ஏதாவது எடை குறைப்பு மையம் கூப்பிட்டால், மருந்துப் பெட்டியைக் கண்ணால் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். திருப்பூரில் என்னிடம் 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன்.

பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. கூட வேலை செய்யும் அக்கா ஒருவர் சொல்லித்தான் அங்கே போனேன். ஏசி அறை, சுவர் முழுக்கக் குண்டாக இருந்தவர்கள் இளைத்த படங்கள், வெள்ளைக் கோட்டில் ஒரு பெண்.

"டாக்டர் எப்பங்க வருவாரு?"

"அவரு ஆன்லைன்ல பாத்துக்குவாருங்க அக்கா. ரெண்டே மாசம், அப்புறம் எடை ஏறவே ஏறாதுங்க."

தைராய்டு உண்டா, பித்தப்பையில் கல் உண்டா, குழந்தைக்குத் திட்டம் உண்டா, எதையும் கேட்கவில்லை. எடை மட்டும் பார்த்தார்கள், 64 கிலோ. உடனே ஜிபே அட்டையை நீட்டினார்கள்.

மருந்தின் மேல் எனக்குப் புகார் இல்லை. செமாகுளூடைட், டிர்செபடைட் இரண்டுமே முதலில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு வந்தவை. பசியை அடக்கும், இரைப்பை காலியாவதைத் தாமதமாக்கும், அதனால் எடை இறங்கும். டிர்செபடைட் மவுஞ்சாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சிலும், எடைக்கான செமாகுளூடைட் வீகோவி என்ற பெயரில் அதே வருடம் ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. சுகர் இல்லாதவர்களுக்கும் எடைக்காகக் கொடுக்கலாம்தான். ஆனால் பிஎம்ஐ, அதாவது உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் கணக்கு, 30 இருக்க வேண்டும். அல்லது 27 இருந்து, கூடவே பிபி, கொழுப்பு மாதிரி ஏதாவது தொந்தரவு இருக்க வேண்டும். என் உயரம் 156 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் 26 சொச்சம்தான் வருகிறது. அவர்கள் உயரத்தை ஏன் அளக்கவில்லை என்று இப்போது தெரிகிறதா?

"ஏறவே ஏறாது" என்பதும் பொய். செமாகுளூடைட் ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. நிறுத்தி ஒரு வருடம் ஆனதும் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது.

கையில் கொடுத்ததோ கம்பெனியே மருந்தை அடைத்துத் தரும் பேனா ஊசி அல்ல. இன்சுலின் போடும் சிரிஞ்சில் மருந்தை ஏற்றி, ஜிப் கவரில் போட்டு, "வாரம் ஒண்ணு போட்டுக்குங்க" என்றார்கள். மே மாத வெயில். கவரில் பெயர் இல்லை, பேட்ச் நம்பர் இல்லை, எத்தனை மில்லிகிராம் என்றும் இல்லை.

முதல் ஊசியிலேயே ஓயாத வாந்தி. அரிசிம்பருப்பு சாதத்தின் வாசம் வந்தாலே குமட்டியது, எனக்கு அது உயிர்! போன் செய்தால், "மருந்து வேலை செய்யுதுங்க" என்றார்கள்.

பார்க்க வந்த எங்கள் நங்கையாதான் அந்தக் கவரைக் கண்டு கத்தினார். அவருக்குப் பல வருடமாகச் சுகர், இன்சுலின் பேனா போடுகிறவர். "என்ற பேனாவ என்ற பையனுக்குக்கூடத் தரமாட்டேன். இவங்க ஒரே பேனாவ எத்தன பேருக்குப் பிரிச்சாங்களோ!" என்றார். அவர் சொன்னது சரிதான். பேனா ஒரு ஆளுக்கு மட்டும். ஊசி முனையை மாற்றினாலும் ரத்தம் மருந்துக்குள் ஏறியிருக்கலாம், அதன் வழியாக மஞ்சள் காமாலைக் கிருமிகூடப் பரவும். இன்னும் திறக்காத பேனாவை ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும்.

இந்த மருந்தால் சிலருக்குக் கணையம் வீங்கலாம் என்பதால், கோயம்புத்தூரில் பார்த்த டாக்டர் கணையத்துக்கு ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்தார். நல்லவேளை, ஒன்றும் இல்லை. இது செமாகுளூடைட்தான் என்றால் 0.25 மில்லிகிராமில் தொடங்கி நாலு வாரத்துக்கு ஒருமுறை மெதுவாகத்தான் ஏற்றுவார்களாம். எனக்கு எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன், தரவில்லை. பில்லாவது கொடுங்கள் என்றதற்கு 'டயட் ஆலோசனை' என்று எழுதிக் கொடுத்தார்கள். மருந்தின் பேச்சே அதில் இல்லை.

மீதி ஊசிகளோடு மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வாளரிடம் மனு கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி கவரில் வாங்கியவர்கள் ஊசியைக் குப்பையில் போட்டுவிடாமல், பணம் அனுப்பிய பதிவோடு நீங்களும் ஒரு மனு கொடுங்கள். மேல்வயிற்றில் கடும் வலி வந்து முதுகுக்குப் பாய்ந்தால் மட்டும் மனு அப்புறம், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.