சீசன் கண்டாங்கி என்று வந்த அச்சுச் சேலை: புதிய லேபிள்களில் வாங்குவோர் கவனத்துக்கு

மார்கழிக் கச்சேரிகளை முன்னிட்டுச் சேலை வாங்குவது சென்னையில் புதிய வழக்கமல்ல. ஆனால் வாங்கும் சேலையும் வாங்கும் இடமும் அண்மை ஆண்டுகளில் மாறிவிட்டன. சபா வாசலில் பட்டுக்கு இணையாகக் கைத்தறிப் பருத்தி தென்படுகிறது. கட்டம் போட்ட செட்டிநாட்டுப் பருத்திச் சேலையான கண்டாங்கிக்கு எதிர்நிறத்தில், மரக்கட்டையால் அச்சொற்றிய அஜ்ரக் அல்லது இயற்கைச் சாயத்தில் உருவம் தீட்டிய கலம்காரி ரவிக்கை என்பது ஏறக்குறைய சீசனின் சீருடையாகிவிட்டது. நான் பார்த்தவரையில், இந்த ரசனையைப் பரப்பியதில் பெரிய ஜவுளிக் கடைகளைவிட, நெசவாளர்களிடம் நேரடியாகத் துணி எடுத்து இன்ஸ்டாகிராமில் படம் போட்டு விற்கும் சிறிய லேபிள்களுக்கே அதிகப் பங்கு உண்டு. அப்படிப்பட்ட சிலரிடம் பல ஆண்டுகளாக வாங்கி மனநிறைவு அடைந்திருப்பதால், இந்தப் பதிவை அவர்களுக்கு எதிரானதாக யாரும் கொள்ள வேண்டாம். அவர்களுடைய படங்களையும் பேச்சையும் எடுத்துப் பூசிக்கொண்டு விற்கும் ஒரு கூட்டத்தைப் பற்றியது இது.

ஐப்பசிக் கடைசியில் ஒரு புதிய லேபிளின் ‘மார்கழித் தொகுப்பு’ விளம்பரமாக வந்தது. கடுகு மஞ்சள் உடலில் அரக்குச் சிவப்புக் கட்டம், அகன்ற கரை, உடன் கருநீல அஜ்ரக் ரவிக்கைத் துணி. இரண்டும் சேர்ந்து 3,850 ரூபாய். காரைக்குடிப் பக்கம் கைத்தறியில் நெய்தது, நூறு சதவீதப் பருத்தி, இயற்கைச் சாயம் என்று அவர்களுடைய இணையதளத்தில் எழுதியிருந்தார்கள். 2006-இல் ஒன்றிய அரசு தொடங்கிய கைத்தறி முத்திரையின் படத்தையும் பக்கத்தின் அடியில் போட்டிருந்தார்கள். பொருளைப் பெற்றுக்கொண்டு பணம் தரும் வசதி இல்லை. ‘நாங்கள் சிறிய நிறுவனம், நெசவாளருக்கு முன்பணம் தர வேண்டியிருக்கிறது’ என்று அதற்கும் ஒரு விளக்கம் இருந்தது. யுபிஐயில் பணம் அனுப்பியபோது திரையில் வந்த பெயர் லேபிளின் பெயராக இல்லாமல் ஒரு தனிநபரின் பெயராக இருந்தது. உரிமையாளர் ஒருவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் சிறு தொழில்களில் இது இயல்பு என்பதால், அதை மட்டும் வைத்து யாரையும் சந்தேகிக்க முடியாது.

இரண்டு வாரத்தில் வரும் என்ற சேலை கார்த்திகை முடிந்தும் வரவில்லை. கேட்டபோது, ‘மழை விடவில்லை மேம், பாவு காயவில்லை’ என்று பதில் வந்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், கஞ்சி போட்ட பாவை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலை, தெருவில் நீட்டி உலர்த்த முடியாமல் நெசவு நின்றுபோவது உண்மை. தறியைப் பற்றி ஓரளவு தெரிந்த வாடிக்கையாளரையும் அடக்கிவிடும் பதில் அது. இந்த வகை மோசடியின் சூட்சுமமே இங்குதான் இருக்கிறது. கைத்தறி வாங்குவோர் மனமுவந்து கொடுக்கும் சலுகைகள் சில உண்டு: தாமதமானால் பொறுத்துக்கொள்வோம், நிறம் சற்றே மாறினால் ஏற்றுக்கொள்வோம், மாற்றித் தர இயலாது என்றால் சிறு தொழில்தானே என்று விட்டுவிடுவோம். இவர்கள் துணியை முதலீடாக வைத்துத் தொழில் நடத்தவில்லை. இந்தச் சலுகைகளை வைத்தே நடத்துகிறார்கள்.

மார்கழி பாதி கடந்தபின் பொட்டலம் வந்தது. பிரித்தவுடன் எழுந்தது மண்ணெண்ணெய் வாடை. ரவிக்கைத் துணியில் வடிவங்கள் எல்லாம் மேற்பரப்பில் ஒரு மெல்லிய ஏடு போல விறைத்துக்கொண்டு நின்றன. புரட்டினால் பின்புறம் வெளிறிய வெள்ளை. கட்ச் வட்டாரத்தில், அஜ்ரக்பூரிலும் தமட்காவிலும் செய்யப்படும் அஜ்ரக், சுண்ணாம்பும் பிசினும் கலந்த கலவையால் வெள்ளைக் கோடுகளை மறைத்து, இரும்பும் வெல்லமும் ஊறவைத்த கறுப்பை ஒற்றி, படிகாரம் ஏற்றி, நீலச் சாயமான அவுரியில் முக்கி, சிவப்புச் சாயமான மஞ்சிட்டியில் கொதிக்கவைத்து, இடையிடையே பலமுறை அலசி எடுக்கும் நீண்ட வேலை. அந்தச் சாயம் நூலுக்குள் இறங்கியிருக்கும். மரக்கட்டையைக் கையால் வரிசையாக ஒற்றிச் செல்வதால், கட்டைக்குக் கட்டை சேரும் இடத்தில் ஒரு மயிரிழை விலகலோ மேலேறலோ எங்காவது தென்படும். எனக்கு வந்த துணியில் இணைப்பே இல்லை. இயந்திரத்தில் ஓடிய ஸ்கிரீன் பிரிண்ட் அது. ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துச் சாயம் ஒட்டினால் போலி என்று சிலர் சொல்வதை நம்பவேண்டாம். உண்மையான அவுரிச் சாயமும் தொடக்கத்தில் சற்று ஒட்டத்தான் செய்யும். பின்புறத்தைப் பார்ப்பது அதைவிட நம்பகமான சோதனை.

சேலையின் கதையும் அதே பின்புறத்தில்தான் வெளிப்பட்டது. எங்கள் அடுக்ககத்தில் கீழ்த்தளத்தில் இருக்கும் ஆச்சி காரைக்குடிப் பக்கத்துக்காரர். இளவயது முதல் கண்டாங்கி கட்டிப் பழகியவர். முந்தியை விரித்துக்கூடப் பார்க்காமல் ஒரு மூலையை மட்டும் புரட்டிவிட்டு, “ஏத்தா, இது நெஞ்ச கட்டம் இல்ல, அடிச்ச கட்டம்” என்றார்: நெய்ததல்ல, அச்சடித்தது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கியில், சாயமேற்றிய நூல்கள் பாவிலும் அதற்குக் குறுக்கே ஓடும் ஊடையிலும் சென்று கட்டத்தை உருவாக்குகின்றன. ஆகவே கட்டத்தின் நிறம் இருபுறமும் ஒன்றாக இருக்கும். இரண்டு நிற நூல்கள் சந்திக்கும் இடத்தில் மூன்றாவது சாயல் ஒன்று பிறக்கும். என் சேலையில் அரக்குச் சிவப்பு பின்பக்கம் இளஞ்சிவப்பாக மங்கியிருந்தது. கட்டங்கள் சந்திக்கும் மூலைகளில் எந்தக் கலப்பும் இல்லை. முந்தியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினேன். பருத்தியாக இருந்திருந்தால் காகிதம் எரியும் வாடையுடன் எரிந்து, விரலால் தொட்டால் உதிரும் சாம்பலாகியிருக்கும். இது சுருண்டு உருகி, கடினமான கறுப்பு மணியாகத் திரண்டது. பாலியெஸ்டர் கலந்த நூல். ரேயானும் பருத்தியைப் போலவே எரியும் என்பதால், இச்சோதனை பாலியெஸ்டரைக் காட்டிக்கொடுக்குமே தவிர, பருத்திக்குச் சான்றாகாது. பக்கத்தில் படமாக இருந்த கைத்தறி முத்திரை, சேலையில் ஒட்டியோ தைத்தோ எங்கும் இல்லை.

படங்களுடன் புகார் அனுப்பினேன். முதல் பதில்: “கைத்தறி என்றால் சிறு வேறுபாடு இருக்கத்தான் செய்யும் மேம், அதுதான் அதன் அழகு.” ஊடை நூல் ஓரிடத்தில் தடித்திருப்பதும், அடுத்த சாயத் தொட்டியில் நிறம் அரை மாத்திரை ஏறி இறங்குவதும், கரை ஒரு நூல் நெளிவதும் கைவேலையின் வேறுபாடுகள், நெய்த கட்டம் அச்சடித்த கட்டமாவது வேறுபாடு அன்று, வேறு பொருள். இதை எழுதியபோது அடுத்த பதில் வந்தது: பொட்டலம் பிரிக்கும் வீடியோ இல்லாமல் புகார் ஏற்கப்படாது. நல்லவேளையாக அந்த வீடியோ என்னிடம் இருந்தது, அனுப்பினேன். வீடியோவில் துணியின் பின்புறம் தெளிவாக இல்லை என்றார்கள். மூன்றாவதாக, பொங்கல் தொகுப்பில் பயன்படுத்திக்கொள்ள 500 ரூபாய் கூப்பன். மறுத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்ட அன்று மாலையே என்னைத் தடைசெய்துவிட்டார்கள்.

விளம்பரத்திலிருந்த படம் யாருடையது என்று கூகுள் லென்ஸில் தேடினேன். அதே சேலை, அதே பெண், அதே தூண். ஓராண்டுக்கு முன்பே செட்டிநாட்டு வீடொன்றில் எடுத்து வேறொரு சிறிய லேபிள் வெளியிட்ட படம் அது. அசலில் அந்தப் பெண்ணின் தலைக்கு மேல் மெல்லிய வெள்ளை எழுத்தில் லேபிளின் பெயர் இருக்கிறது. அதை மறைக்கவே, எனக்கு வந்த விளம்பரத்தில் எல்லாப் படங்களும் மூக்குக்கு மேல் வெட்டப்பட்டிருந்தன. நவீனப் படப்பிடிப்பு பாணி என்று பார்த்தவர்கள் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அசல் லேபிளை நடத்தும் பெண்ணுக்கு எழுதியபோது, தன்னிடம் ஒருபோதும் வாங்காத பலர் தன்னையே ஏமாற்றுக்காரி என்று திட்டிக் குறுஞ்செய்தி அனுப்பியிருப்பதாகச் சொன்னார். புகைப்படத்துக்குச் செலவு செய்தவர் அவர், வசவு வாங்குபவரும் அவர். பணம் மட்டும் வேறிடம் போகிறது. என் 3,850 ரூபாயைவிட இதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இத்தகையவர்களுக்கு விட்டுவைத்திருக்கும் இடைவெளி, அவர்கள் காட்டிக்கொள்வதைவிடக் குறைவு. விற்ற பொருளுக்கு ரசீது தராததும், குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறை என்று அச்சட்டம் வரையறுக்கிறது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் இன்னும் நேரடியானவை: விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் சொன்ன தேதிக்குப் பின் வந்த பொருளையும் திரும்பப் பெற மறுக்கக் கூடாது, குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். ‘மாற்றவோ திருப்பித் தரவோ இயலாது’ என்று தளத்தில் எழுதிவைப்பதாலோ வீடியோ கேட்பதாலோ இந்தக் கடமை கரைந்துவிடாது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் முதலில் புகாரைப் பதிவு செய்தேன். அங்கிருந்து அனுப்பிய கடிதத்துக்கும் விற்பனையாளர் பதில் தரவில்லை. அதன்பின் இ-ஜாக்ரிதி தளத்தின் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. பணம் கட்டியும் பொருளே வராமல் பக்கம் மறைந்துபோனவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். அங்கே நேரம் முக்கியம். விவகாரம் ஆணையத்தில் இருப்பதால் லேபிளின் பெயரை இங்கு எழுதவில்லை. எழுதினாலும் அதிகப் பயன் இருக்காது: இன்ஸ்டாகிராமில் ‘இந்தக் கணக்கைப் பற்றி’ என்ற பகுதியைத் திறந்து பார்த்தபோது, அந்தப் பக்கம் ஏற்கெனவே பலமுறை பெயர் மாறியிருந்தது தெரிந்தது.

புதிய லேபிள்களைத் தேடுவதை இதற்காக நான் நிறுத்தப்போவதில்லை. தேடும் முறைதான் மாறியிருக்கிறது. பணம் அனுப்பும் முன், சேலையின் ஒரு மூலையைப் பகல் வெளிச்சத்தில் புரட்டிக் காட்டும் சிறு வீடியோ கேட்கிறேன். கையில் துணி வைத்திருப்பவருக்கு இது ஐந்து நிமிட வேலை. பலர் மகிழ்ச்சியோடு அனுப்புகிறார்கள், சிலர் கூடவே பாவைப் பற்றியும் நூலைப் பற்றியும் நாம் கேட்காததையெல்லாம் சொல்கிறார்கள். உண்மையில் கைத்தறியில் எடுப்பவரிடம் ஒரு வண்ணச் சேர்க்கையில் சில சேலைகளே இருக்கும், ஏனெனில் ஒரு பாவில் சில சேலைகளே கிடைக்கும். ஆகவே அவருடைய பக்கத்தில் ‘தீர்ந்துவிட்டது’ என்பது அடிக்கடி கண்ணில் படும். ஒரே கண்டாங்கி பத்து நிறங்களில் எப்போதும் கையிருப்பில் உண்டு என்றால், அது நெசவாளர் வீட்டிலிருந்து வருவதாகத் தோன்றவில்லை. ஜிஎஸ்டி எண் கொடுத்திருந்தால் அரசின் ஜிஎஸ்டி தளத்தில் இலவசமாகச் சரிபார்த்து, பதிவான பெயரையும் முகவரியையும் பார்க்கலாம். 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. மிகச் சிறியவர்களிடம் அந்த எண் இல்லாமல் இருக்கலாம், அது குற்றமல்ல. முழு முகவரியும் இல்லை என்றால் நான் விலகிவிடுகிறேன்.

துணியைத் தொட்டுப் பார்த்து வாங்க விரும்புவோருக்குச் சென்னையில் வழிகள் குறைவல்ல. கமலாதேவி சட்டோபாத்யாய் 1964-இல் தொடங்கிய கிராஃப்ட்ஸ் கவுன்சில் ஆஃப் இந்தியா நடத்தும் கண்காட்சிகளிலும் முட்டுக்காடு தட்சிணசித்ராவின் சந்தைகளிலும் கைவினைஞர்களை நேரிலேயே சந்திக்கலாம். அங்கு அறிமுகமானவரிடம் பிறகு இணையத்தில் வாங்குவது எனக்குச் சரியாக அமைந்திருக்கிறது. நல்ல கண்டாங்கி எப்படி இருக்கும் என்று கைக்குப் பழக்கப்படுத்த, 1935 முதல் இயங்கும் கோ-ஆப்டெக்ஸில் ஒரு சேலையைப் புரட்டிப் பார்ப்பதே போதும். நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட அட்டையை அங்கே சேலையோடு சேர்த்துத் தருகிறார்கள்.

இதே போன்ற சேலை யாருக்காவது வந்திருந்தால், துணியைத் துவைக்காமலும் கட்டாமலும் வையுங்கள்; பணம் அனுப்பிய விவரம், குறுஞ்செய்திகள், தளத்தில் இருந்த பொருள் விளக்கம் ஆகியவற்றைப் பக்கம் மறையும் முன்பே திரைப்பிடிப்பு எடுத்துவிடுங்கள். கூரியர் உறையைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். எதிர்த்தரப்பின் முகவரி இல்லாமல் ஆணையத்தில் மனு கொடுக்க முடியாது. காரைக்குடி என்று எங்கும் எழுதியிருந்த அந்த லேபிளின் உண்மையான முகவரி, வேறு மாநிலத்திலுள்ள ஒரு கிடங்கின் முகவரி, எனக்குக் கிடைத்தது அந்த உறையின் மூலையில் ஒட்டியிருந்த சீட்டிலிருந்துதான்.