பாண்டியில் ட்ரோன் ஃபில்டர் வாங்கப் போகிறீர்களா? காசு கொடுக்கும் முன் சோதித்துப் பாருங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ட்ரோன் வைத்துக் கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கும், பொழுதுபோக்காகப் பறக்கவிடுபவர்களுக்கும் இந்தப் பதிவு. பாண்டியில் நேரு வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் கேமரா சாமான் கடையில், சாம்பல் நிற டப்பாவில் ஆறு ஃபில்டர் அடங்கிய செட் 1,900 ரூபாய்க்கு விற்கிறார்கள். டப்பாவில் கம்பெனிப் பெயரோ விலையோ தயாரித்த நாடோ எதுவும் கிடையாது. உள்ளே வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி கண்ணாடிகள் ஐந்து (என்டி4, 8, 16, 32, 64), கூடவே பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் எனும் சிபிஎல் ஒன்று. நான் வாங்கினேன். ஆறில் இரண்டுதான் போட்டிருந்த எண்ணுக்குச் சரியாக இருந்தன.

என்னிடம் இருப்பது டிஜேஐ மினி 2. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டதற்கு முன்பே வாங்கியது. அதன் லென்ஸ் திறப்பு எஃப்/2.8-லேயே நிற்கும், கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) 100-க்குக் குறைத்து வைத்தால்கூட ஷட்டர் 1/3200 விநாடி பக்கம் போய்விடும். விநாடிக்கு 25 பிரேமில் எடுக்கும் வீடியோவுக்கு ஷட்டர் 1/50 இருந்தால்தான் அலையும் வண்டியும் கண்ணுக்கு இயல்பாக ஓடும். இல்லாவிட்டால் எல்லாம் வெட்டி வெட்டி நகரும். 1/3200-ஐ 1/50-க்குக் கொண்டுவர, உள்ளே வரும் வெளிச்சத்தை 64-ல் ஒரு பங்காக்க வேண்டும். அதற்குத்தான் என்டி64. என்டி16 என்றால் 16-ல் ஒரு பங்கு. ஃபில்டர் வளையத்தில் போட்டிருக்கும் எண் அலங்காரம் இல்லை. அதை நம்பித்தான் ட்ரோனை மேலே அனுப்புகிறோம்.

கடைக்காரர் நன்றாகத்தான் பேசினார். "தம்பி, கல்யாண பார்ட்டிங்க எல்லாம் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க. ஒரிஜினல் கிளாஸ்." பில் கேட்டதற்கு, மேலே 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். ஜிஎஸ்டி பில் வேண்டும் என்றேன். "அது வேணும்னா 18 பர்சென்ட் கூட வரும், பரவாயில்லையா?" என்றார். பரவாயில்லை, போடுங்கள் என்றேன். உடனே பிரிண்டர் ரிப்பேர் ஆகிவிட்டது. சாயங்காலம் வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார். இன்றுவரை வரவில்லை. ஜிபேயில் பணம் போட்டதால் அந்தத் தடயமாவது மிஞ்சியது.

கிளம்பும்போது ஒரு யோசனையும் சொன்னார்: "ட்ரோனை ஆன் பண்ணி, கேமரா நேரா நின்ன அப்புறம் மாட்டுங்க. அப்பத்தான் ஈஸியா உக்காரும்." இது சுத்தத் தப்பு. ட்ரோன் அணைந்திருக்கும்போதுதான் ஃபில்டர் மாட்ட வேண்டும். ஆன் ஆகும்போது கிம்பல் (கேமராவை ஆடாமல் பிடிக்கும் மோட்டார் தாங்கி) தன்னைத் தானே ஆட்டிச் சரிபார்த்து, அப்போதிருக்கும் எடையோடு நிலைக்கு வரும். மோட்டார் பிடித்து நிறுத்தியிருக்கும் கேமராவைக் கையால் அழுத்தினால் கெடுவது மோட்டார்தான். விற்பவருக்கே இது தெரியவில்லை என்றால் வாங்குபவர் என்ன செய்வார்?

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் ஒரு ஜோடிக்கு அவுட்டோர் ஷூட் இருந்தது. வீடியோ நண்பருடையது, மேலிருந்து எடுக்கும் காட்சிகள் மட்டும் என் பொறுப்பு. வெயில் ஏறிவிட்டதால் என்டி64 மாட்டினேன். திரையில் 'கிம்பல் மோட்டார் ஓவர்லோட்' என்று எச்சரிக்கை. இறக்கி, கழற்றி மறுபடி மாட்டியதும் எச்சரிக்கை போய்விட்டது. அன்று எடுத்ததைக் கம்ப்யூட்டரில் போட்டபோதுதான் வயிற்றைக் கலக்கியது. மாப்பிள்ளை போட்டிருந்த கறுப்புக் கோட்டு, தரையில் நின்ற கேமராவில் கறுப்பாகவே இருக்கிறது. ட்ரோன் வீடியோவில் அது காப்பிக்கொட்டை நிறம். மணல் முழுக்க ரோஸ் சாயம். மட்டமான என்டி ஃபில்டர்களில் இது வழக்கமான கோளாறு: கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை மறைக்கும், அகச்சிவப்புக் கதிரை உள்ளே விட்டுவிடும். ஃபில்டர் அடர்த்தியாக ஆக, அந்தக் கதிரின் பங்கு படத்தில் தூக்கலாகிவிடும். செயற்கை இழையில் நெய்த கறுப்புத் துணி அதை நன்றாகத் திருப்பி அனுப்பும். அதனால்தான் கோட்டு மாட்டிக்கொண்டது, பெண்ணின் பட்டுப்புடவை தப்பித்தது. நண்பர் ஒவ்வொரு கிளிப்பாக நிறம் திருத்த உட்கார்ந்தார். கோட்டைச் சரிசெய்தால் கடல் பச்சையடித்தது. பாதிக் காட்சிகளைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

சந்தேகம் வந்த பிறகு வீட்டு மொட்டை மாடியில் வைத்துச் சோதித்தேன். எல்லாரும் செய்யக்கூடியதுதான். மேகம் இல்லாத நேரமாகப் பார்த்து, நிறம் ஒரே சீராக இருக்கும் சுவருக்கு எதிரே ட்ரோனை ஸ்டூலில் வையுங்கள். இறக்கையைக் கழற்றிவிடுவது நல்லது. ஐஎஸ்ஓவை 100-ல் நிறுத்தி, திரையில் வெளிச்சத்தின் அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் மேடு நடுவுக்கு வரும்வரை ஷட்டரை மாற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ட்ரோனை அணைத்து, ஃபில்டர் மாட்டி, அதே மேட்டை அதே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். எனக்கு வெறும் லென்ஸில் 1/1600. என்டி4 மாட்டினால் 1/400, சரி. என்டி8-க்கு 1/200, அதுவும் சரி. என்டி16 மாட்டினால் 1/100 வர வேண்டும், வந்தது 1/400. என்டி32-க்கு 1/50 வர வேண்டும், அதற்கும் 1/400! மூன்று வளையத்தில் மூன்று எண், உள்ளே ஒரே கண்ணாடி. கோட்டைக் காப்பிக்கொட்டை ஆக்கிய என்டி64, உண்மையில் என்டி32 அளவுக்குத்தான் வெளிச்சத்தைக் குறைத்தது.

சிபிஎல் கதை இன்னும் மோசம். அசல் போலரைசர் என்றால், ட்ரோனில் மாட்டும்போது வெளியே பார்க்கும் பக்கத்தை லேப்டாப் எல்சிடி திரைக்கு நேராகப் பிடித்து, மறுபக்கம் கண்ணை வைத்து மெதுவாகச் சுற்றினால் ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். நான் வாங்கியதை முழுச் சுற்று சுற்றியும் திரை அப்படியே இருந்தது. வெறும் சாயக் கண்ணாடி. கடைகளில் பில் போடும் மானிட்டர் இருக்குமே, கல்லாப்பெட்டி பக்கத்திலேயே நின்று அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

அசல் சிபிஎல் வாங்கினாலும், கடலுக்கு மேல் எப்போதும் தண்ணீர் மினுமினுப்பைக் குறைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். கேமரா தண்ணீரைப் பார்க்கும் சாய்வு சரியாக அமையும்போதுதான் அது நன்றாக வேலை செய்யும். நம் கரையில் காலைச் சூரியன் கடலுக்கு மேலேயே எழுகிறது. அதை நேராகப் பார்த்து எடுத்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. ட்ரோன் திசை திரும்பினால் பலனும் மாறும், மேலே போய் ஃபில்டரைச் சுற்ற ஆள் கிடையாது. வீடியோவுக்கு நான் அதை வாங்கவே சொல்ல மாட்டேன். சாதாரணப் புகைப்படம் மட்டும் எடுப்பவர்களுக்கு என்டியும் பெரும்பாலும் தேவையில்லை. வீடியோவிலும், நல்ல உயரத்தில் போய்க் கரையை அகலமாகக் காட்டும்போது ஷட்டர் வேகம் கூடியிருப்பது கண்ணில் படாது. தாழப் பறக்கும்போதுதான் அது உறுத்தும். எஃப்/2.8 லென்ஸுக்கு நல்ல என்டி16 ஒன்றும் என்டி64 ஒன்றும் இருந்தால் இந்தக் கரையில் காலை, மாலை, உச்சிவேளை எல்லாவற்றையும் சமாளிக்கலாம். ஆறு என்பது டப்பாவை நிரப்ப.

எடையையும் பார்த்துவிடலாம் என்று மஞ்சக்குப்பத்தில் தெரிந்த நகைக்கடைத் தராசில் வைத்தேன். அந்த என்டி64 வளையம் 2 கிராமுக்கு மேல். மினி 2-வின் எடை 249 கிராம். 2021 ட்ரோன் விதிகள்படி 250 கிராம் வரைதான் நானோ வகை. அதற்குத்தான் தொழிலுக்குப் பறக்கவிட்டாலும் பைலட் சான்றிதழ் கேட்பதில்லை. இந்த வளையத்தோடு பறந்தால் கணக்கு அடுத்த வகையான மைக்ரோவுக்குப் போய்விடும். கிம்பல் ஏன் திணறியது என்பதும் அந்தத் தராசில் புரிந்தது.

எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

"தம்பி, பிரிச்ச பாக்ஸை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம். போர்டுலயே எழுதியிருக்கு பாருங்க."

"பிரிக்காம எப்படிண்ணே மாட்டிப் பாக்கறது?"

"உங்க ட்ரோன் பழைய மாடல். அதான் அப்படிக் காட்டுது."

அந்த போர்டுக்கு மதிப்பில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் இல்லை என்றால் 30 நாள் கணக்கு. பில் கொடுக்காததும் அதே பட்டியலில் வருகிறது. கடை பாண்டியில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அதாவது கடலூரிலேயே. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. இதை நான் பாடமாக ஒப்பிக்கவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, அந்தப் புகார் எண்ணைக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப் செய்தேன். பில் அனுப்ப நேரம் கிடைக்காதவரிடமிருந்து பத்து நிமிடத்தில் போன் வந்தது.

முதலில் வேறு செட் தருவதாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன், அதே சாம்பல் டப்பா. அதிலிருந்த சிபிஎல்லை அவர் கண் முன்னாலேயே பில் மானிட்டருக்கு நேரே பிடித்துச் சுற்றிக் காட்டினேன். திரை இருளவில்லை. பக்கத்தில் ட்ரைபாட் விலை பேசிக்கொண்டிருந்தவரும் எட்டிப் பார்த்தார். அதற்கு மேல் பேச்சு வளரவில்லை. 'பாக்ஸ் டேமேஜ்' என்று 300 ரூபாய் பிடித்துக்கொண்டு 1,600 திருப்பிப் போட்டார். மீதி 300-ஐயும் கேட்டு 1915 புகாரை மூடாமல் வைத்திருக்கிறேன். நான் வெளியே வரும்போது, திருப்பிக் கொடுத்த செட்டைத் துடைத்து அதே அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். டப்பாவின் இடது மூலை லேசாகக் கிழிந்திருக்கும்.