கத்தரி லிஃப்டுக்கு எந்தக் கணக்கு: மெய்நிகர் வேலையா, விசைப்படமா?

மூன்று அடுக்குக் கத்தரி லிஃப்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பக்கவாட்டில் பார்த்தால் X வடிவில் இரண்டிரண்டாகக் குறுக்கிடும் ஆறு கரங்கள், மேலே மேடை. அடியில் இடது மூலை ஒரு பின்னில் (கரம் சுழல விடும் ஆணியில்) நிற்கிறது, வலது மூலை ரோலரில் ஓடுகிறது. ஹைட்ராலிக் சிலிண்டர் அந்த ரோலரைக் கிடைமட்டமாக உள்ளே தள்ளினால் மேடை எழும்பும். மேடையும் சரக்கும் சேர்ந்து 5 கிலோ நியூட்டன். கரங்கள் தரையோடு 20° சாய்ந்திருக்கின்றன. சிலிண்டர் எவ்வளவு தள்ள வேண்டும்?

முதல் வழி, ஒவ்வொரு பொருளையும் தனியாகப் பிரித்து விசைப்படம், அதாவது அதன்மேல் செயல்படும் எல்லா விசைகளையும் காட்டும் படம், வரைவது. ஆறு கரமும் மேடையும் சேர்ந்து ஏழு பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று சமன்பாடு, ஆக 21. தெரியாதவையும் சரியாக 21 வரும்: நடு பின்கள் மூன்றில் 6, அடுக்குகளை இணைக்கும் நான்கு பின்களில் 8, அடிப் பின்னிலும் ரோலரிலும் 3, மேடையின் பின்னிலும் ரோலரிலும் 3, சிலிண்டர் விசை 1. தீர்க்கலாம், ஆனால் நடுவில் ஒரு குறி மாறினால் எங்கே மாறியது என்று தேடவே அரைநாள் போகும்.

இரண்டாவது வழி மெய்நிகர் வேலை: அமைப்பு துளி அசைவதாகக் கற்பனை செய்து, அந்த அசைவில் எல்லா விசைகளும் செய்யும் வேலையின் கூட்டுத்தொகை பூச்சியம் என்று எழுதுவது. பின்களில் உராய்வு இல்லையென்றால் அவை தரும் விசைகள் எதிரெதிர் ஜோடிகள். சிறு அசைவில் அவற்றின் மொத்த வேலை பூச்சியம். அடிப் பின் நகர்வதில்லை. அடி ரோலர் நகரும் திசைக்குத் தரையின் எதிர்விசை செங்குத்து. ஆக 20 தெரியாதவை கணக்கிலேயே வராமல் போகின்றன. மிஞ்சுவது சுமையும் சிலிண்டரும் மட்டுமே.

உயரம் = 3 × கரநீளம் × சைன்(கோணம்). அடி அகலம் = கரநீளம் × காஸ்(கோணம்). கோணத்தைத் துளி கூட்டினால் உயரம் 3 × கரநீளம் × காஸ் என்ற வீதத்தில் ஏறும். அகலம் கரநீளம் × சைன் என்ற வீதத்தில் குறையும். இரண்டு வேலையும் சமமாக வேண்டும் என்பதால், சிலிண்டர் விசை = 3 × சுமை × காட்(கோணம்); காட் என்பது காஸ் ÷ சைன். 20°-இல் 41.2 கிலோ நியூட்டன். 10°-க்கு மடங்கிக் கிடந்தால் 85. சிலிண்டரைக் கிடைமட்டமாக வைக்காமல் கரங்களுக்கு இடையே சாய்வாகப் பொருத்துவதற்கு இந்த ஏற்றமே முக்கியக் காரணம்.

கரங்களின் சொந்த எடையையும் ஒரே வரியில் சேர்த்துவிடலாம். ஆறு கரங்களின் மொத்த எடை மையம் எப்போதும் பாதி உயரத்தில் இருக்கும். அதனால் அவற்றின் மொத்த எடையில் பாதியைச் சுமையோடு கூட்டினால் போதும். விசைப்பட வழியில் இதற்காக ஆறு கரத்தின் சமன்பாடுகளையும் மறுபடி தொட வேண்டும்.

சிலிண்டர் சாய்வாக இருந்தாலும் முறை அதேதான். கணினி வரைபடத்தில் சிலிண்டரை 1 மி.மீ. நீட்டிப் பாருங்கள். மேடை 7 மி.மீ. எழுந்தால் சிலிண்டர் விசை சுமையைப் போல் 7 மடங்கு, அதாவது 35 கிலோ நியூட்டன். ஆனால் அசைவு சிறிதாகவே இருக்க வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். கிடைமட்ட சிலிண்டரையே 10°-இலிருந்து 20° வரை முழுதாக நகர்த்தி, ஏறிய உயரத்தை நகர்ந்த அகலத்தால் வகுத்தால் 11.2 மடங்கு, அதாவது 56 கிலோ நியூட்டன் என்று வரும். அது வழிநெடுகிலுமான சராசரி. தொடக்கத்தில் உண்மையில் தேவைப்படுவது 85. அந்த 56-ஐ நம்பி சிலிண்டர் வாங்கினால் மேடை தரையை விட்டே எழாது.

இன்னொரு வழக்கமான தவறு, தூரங்களை நகரும் புள்ளியிலிருந்து அளப்பது. எல்லாவற்றையும் நகராத அடிப் பின்னிலிருந்து அளந்தால் குறிகள் தாமாகவே சரியாக வந்துவிடும்.

சிறிய கருவிகளில் மெய்நிகர் வேலையின் அனுகூலம் அவ்வளவு இல்லை. கார் ஜாக்கி ஒரு சாய்சதுரம். குறுக்கே ஒரு திருகு. மேல் மூட்டுக்கு ஒரு விசைப்படம், பக்க மூட்டுக்கு ஒன்று, வேலை முடிந்தது: திருகின் இழுவிசை = சுமை × காட்(கோணம்). மெய்நிகர் வேலையும் இதையே தரும், ஆனால் நேரம் மிச்சமாகாது. மாறாக, விசைப்படம் போட்டால் ஒவ்வொரு கரத்தின் அமுக்கவிசையும் கூடவே கிடைக்கிறது. கரம் வளையுமா என்று பார்க்க அது எப்படியும் வேண்டும். இங்கே என் ஓட்டு விசைப்படத்துக்கு.

உராய்வு என்று வந்தால் மெய்நிகர் வேலை தடுமாறும். 4 கிலோ நியூட்டன் சுமை, 15° கோணம் என்றால் திருகில் 14.9 கிலோ நியூட்டன் இழுவிசை. மரை இடைவெளி 3 மி.மீ. என்றால், உராய்வற்ற கணக்கு கைப்பிடிக்கு 7.1 நியூட்டன் மீட்டர் போதும் என்கிறது. ஆனால் கையை எடுத்தால் கார் இறங்கிவிடாத திருகில், நாம் செலுத்தும் வேலையில் பாதிக்கும் குறைவே சுமையைத் தூக்கப் பயன்படும்; மீதி உராய்வுக்கே போகும். எனவே உண்மையில் 14-க்கு மேல் முறுக்க வேண்டும். உராய்வையும் வேலையாகச் சேர்க்கலாம்தான். அதற்கு மரையில் அழுத்தும் செங்குத்து விசை தெரிய வேண்டும், அது தெரிய விசைப்படம் வேண்டும். சுற்றி வந்து பழைய இடத்திலேயே நிற்போம்.

கீல் உள்ள தொடர் உத்திரத்தில் நிலைமை வேறு. தாங்கிகள் 0, 6, 12 மீட்டரில், கீல் 8-இல், 20 கிலோ நியூட்டன் சுமை 10-இல். நடுத்தாங்கியை எடுத்துவிட்டு அந்த இடத்தை 1 அலகு உயர்த்தினால் கீல் 1.333 உயரும், சுமைப்புள்ளி 0.667 உயரும், நடுத்தாங்கியின் எதிர்விசை 20 × 0.667 = 13.3 கிலோ நியூட்டன். ஒற்றைச் சுமைக்கு விசைப்படமும் இரண்டே வரி. ஆனால் சுமை உத்திரத்தின்மேல் ஓடும் வண்டி என்றால் நாம் வரைந்த அந்த உயர்வுக் கோடே எல்லா இடத்துக்குமான விடை. பாலக் கணக்குகளில் மெய்நிகர் வேலையை விட முடியாததற்கு இதுவே காரணம்.

கணித மேதை யோஹான் பெர்னூலி மெய்நிகர் வேலைத் தத்துவத்தைப் பொதுவாகச் சொன்ன கடிதம் வாரிஞோனின் 1725 நூலில் வெளியானது. லக்ராஞ்ச் 1788-இல் முழு இயக்கவியலையும் இதன்மேல் கட்டினார். தன் நூலில் படமே கிடையாது என்று முன்னுரையில் சொல்லியும் வைத்தார். பட்டறைக்கு அந்தப் பெருமை ஒத்துவராது. ஏன் என்பதற்கு மறுபடி லிஃப்டுக்கே வருவோம், இம்முறை ஓரடுக்கு.

மெய்நிகர் வேலைக்குச் சுமை மேடையில் எங்கே இருக்கிறது என்பதே பொருட்டல்ல. மேடை சாயாமல் எழுவதால் எந்தப் புள்ளியும் ஒரே அளவு உயர்கிறது. சிலிண்டரைப் பொறுத்தவரை அது உண்மைதான். பின்களைப் பொறுத்தவரை அப்படியல்ல. சுமையை நடுவிலிருந்து மேடையின் இடது ஓரத்துக்குத் தள்ளினால், 20°-இல் நடு பின்னின் விசை 13.7-இலிருந்து 14.6 கிலோ நியூட்டனாகத்தான் கூடும். மேல் இடது பின்னிலோ 2.5 அப்படியே 5 ஆகும்.

இதைவிட மோசமானது வலது ஓரம். கரம் 2 மீட்டர், 5 கிலோ நியூட்டன் சரக்கு இடது பின்னிலிருந்து 1.4 மீட்டரில். 20°-இல் ரோலர் 1.88 மீட்டரில் நிற்கிறது, சுமை உள்ளே. 60° வரை தூக்கினால் ரோலர் 1 மீட்டருக்கு வந்துவிடும். சுமை வெளியே தொங்கும். மெய்நிகர் வேலை, சிலிண்டருக்கு 2.9 கிலோ நியூட்டன் போதும் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். மேடைக்கு ஒரு விசைப்படம் வரைந்தால் ரோலரில் 7 கிலோ நியூட்டன் அழுத்தமும், இடது பின்னில் 2 கிலோ நியூட்டன் எதிர்க்குறியோடும் வரும்: அந்த மூலை மேடையைத் தாங்கவில்லை, பறந்துவிடாமல் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. அங்கே வெறும் திறந்த தாங்கி வைத்திருந்தால் மேடை கவிழும். அடிப் பின்னிலும் அதே 2 கிலோ நியூட்டன் மேல்நோக்கி; தரையில் போல்ட் போடாத சட்டம் என்றால் அதன் சொந்த எடை ஒன்றுதான் அதைப் பிடித்து வைத்திருக்கும்.