ஆறு கிழமையாக இழுபடும் காய்ச்சலும் மூட்டு நோவும்: வன்னியிலிருந்து எந்த வழியால் போவது?

விரல் மூட்டுகள் வீங்கி நோகின்றன. காலையில் கையை மூடித் திறக்க ஒரு மணித்தியாலம் எடுக்கிறது. விட்டுவிட்டுக் காய்ச்சல், வாய்க்குள் புண், தலைமுடி கொட்டுதல், வெயிலில் நின்றுவிட்டு வந்தால் கன்னம் கறுத்துத் தடித்தல். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து ஆறு கிழமைக்கு மேல் நின்றால், உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் ஓட்டோஇமியூன் நோயை, அதாவது லூபஸ், ருமட்டொயிட் வாதம் போன்றவற்றை நினைத்துப் பார்க்க வேண்டும். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருப்பவருக்கு முன்னால் நாலு வழிகள் உண்டு. மாவட்ட வைத்தியசாலையின் மெடிக்கல் கிளினிக், யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ காசு கட்டி நிபுணரைச் சனல் பண்ணுவது, தனியார் லாப்பில் தாமாகவே இரத்தம் கொடுப்பது, நாட்டு வைத்தியம்.

தாமாகவே லாப்புக்குப் போவது

பலர் முதலில் எடுக்கும் வழி இதுதான். காசு வீணாவதும் இங்கேதான் அதிகம். ஏஎன்ஏ பரிசோதனை (உடல் அணுக்களின் கருவைத் தாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் இரத்தப் பரிசோதனை) பொசிட்டிவ் என்று வந்தவுடன் வீடே கலங்கிவிடும். ஆனால் நோயே இல்லாதவர்களிலும் அது பொசிட்டிவாக வரும். 1997 இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், ஆரோக்கியமானவர்களில் 1:40 அளவில் (இரத்தத்தின் நீர்ப்பாகத்தை நாற்பது மடங்கு ஐதாக்கிச் சோதிப்பது) 30 வீதத்துக்கு மேற்பட்டோருக்கும், 1:80 இல் ஏறத்தாழ 13 வீதத்தினருக்கும், 1:160 இல் 5 வீதத்தினருக்கும் ஏஎன்ஏ இருந்தது. ஆகவே 1:80 என்ற ஒரு வரியை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அணுக்களை ஒளிரவைத்து நுணுக்குக்காட்டியில் பார்க்கும் இமியூனோஃபுளோரசன்ஸ் முறையில் நெகட்டிவாக வந்தால் அது பெறுமதியான செய்தி: லூபஸுக்கான வாய்ப்பு மிகக் குறைவு. இயந்திரம் நிறமாற்றத்தை அளக்கும் எலைசா முறையில் வரும் இலக்கத்தை இந்த 1:80 கணக்கோடு ஒப்பிடக் கூடாது. ரிப்போர்ட்டில் எந்த முறை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

இன்னொரு சிக்கல் தூரம். இரத்தம் எடுக்கும் இடம் பக்கத்தில் இருக்கும். சோதிக்கும் லாப் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருக்கும். ஈஎஸ்ஆருக்கு (உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் பரிசோதனை) எடுத்த இரத்தம் சாதாரண வெப்பநிலையில் நாலு மணித்தியாலத்துக்கு மேல் கிடந்தால் அளவு குறைந்து காட்டும். வெக்கையில் கிடந்தால் சி3, சி4 (லூபஸ் மும்முரமாகும்போது குறையும் இரத்தப் புரதங்கள்) முடிவுகளையும் நம்ப முடியாது. இரத்தம் கொடுக்க முன் "எங்கே, எத்தனை மணிக்குப் போகும்?" என்று கேட்பது உங்கள் உரிமை.

மாவட்ட வைத்தியசாலை

எங்கள் தெரிவு இதுதான். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளின் பொது வைத்திய நிபுணரிடமிருந்து தொடங்குங்கள். மல்லாவி, புதுக்குடியிருப்புப் பக்கத்தவர்கள் தங்கள் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். முதற் சுற்றுக்கு வேண்டியவை எல்லாம் சாதாரணமானவை: இரத்த அணுக்களை எண்ணும் எஃப்பிசி, ஈஎஸ்ஆர், அழற்சியைக் காட்டும் இன்னொரு பரிசோதனையான சிஆர்பி, சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், ஈரல் சோதனை, தைரொயிட்டுக்கு டிஎஸ்எச், பிரஷர், எல்லாவற்றுக்கும் மேலாகச் சலப் பரிசோதனை. லூபஸில் ஈஎஸ்ஆர் கூடி, சிஆர்பி பெரிதாகக் கூடாமல் இருப்பது வழக்கம். சிஆர்பி துள்ளி எழும்பினால் கிருமித்தொற்றைத் தேட வேண்டும். வெள்ளணு 4,000 க்குக் கீழ், குருதிச் சிறுதட்டு 1,00,000 க்குக் கீழ் என்பது லூபஸுக்கும் பொருந்தும், டெங்குக்கும் பொருந்தும்; அதனால் காய்ச்சல் விட்டு இரண்டு கிழமையில் திரும்பச் செய்ய வேண்டும். சிக்குன்குன்யாவுக்குப் பிறகு மூட்டு நோவு மாதக்கணக்கில் நிற்கும் என்பதால், அந்தக் காய்ச்சல் வந்த திகதியை மறக்காமல் சொல்லுங்கள்.

சலத்தை வீட்டில் எடுத்து போத்தலில் கொண்டுபோக வேண்டாம். துணுக்காயிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் நோயைக் காட்டிக்கொடுக்கும் அணுக்கள் சிதைந்துவிடும். வைத்தியசாலையிலேயே, முதற் பகுதியை விட்டு நடுச்சலத்தைப் பிடித்து உடனே கொடுங்கள். மாதவிடாய் நாட்களில் கொடுத்தால் இரத்தம் என்றே எழுதி வரும்.

வன்னிக்கென்று ஒரு தனிக் கவனமும் வேண்டும். காரணம் தெரியாத சிறுநீரக நோய் வவுனியா போன்ற இடங்களில் பரவலாக இருப்பதால், சலத்தில் புரதம் கண்டவுடன் "தண்ணியால் வந்தது" என்று விட்டுவிடும் ஆபத்து உண்டு. அந்த நோயில் புரதம் பொதுவாகக் குறைவு, சலத்தில் இரத்த அணுக்களும் பெரிதாக இராது. இளம் பெண்ணுக்குப் புரதமும் இரத்த அணுக்களும் சேர்ந்து வந்தால் கதை வேறு. நாளொன்றுக்குப் புரதம் 0.5 கிராமைத் தாண்டினால் சிறுநீரக பயொப்சி (ஊசியால் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) பற்றிக் கேட்க வேண்டும்.

இந்த வழியின் குறை காத்திருப்பு. கிளினிக் மாதத்துக்கு ஒருமுறைதான். ஒவ்வொரு முறையும் வேறு டொக்டர் பார்க்கலாம். விசேட இரத்தப் பரிசோதனைகள் கொழும்பு பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் வரை போய்வர நேரிடலாம். காசு இல்லை, ஆனால் முடிவு திரும்பி வருவதைப் பின்தொடர ஆள் வேண்டும். இரத்தம் எடுத்த திகதி, வார்ட் இலக்கம், பரிசோதனையின் பெயர் மூன்றையும் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். ரிப்போர்ட்டுகளையும், வார்டில் நின்றிருந்தால் டயக்னோசிஸ் கார்டையும் படியெடுத்து ஒரே பைலில் வையுங்கள். தடிப்பு கிளினிக் நாளில் மறைந்திருக்கும். வந்த அன்றே பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். எங்கள் தோலில் அது சிவப்பாகத் தெரியாது, கருநாவலாகவே தெரியும்.

சனல் பண்ணுவது

நிபுணரை இன்றைக்கே காணலாம் என்பதுதான் இதன் பலம். கிடைப்பது சில நிமிடம். பயொப்சி, வார்ட் அனுமதி எல்லாம் கடைசியில் அரசாங்க வைத்தியசாலைக்கே வரும். காசு கொஞ்சம் இருந்தால் அதை இங்கே ஒருமுறை செலவழியுங்கள், அதுவும் முதற் சுற்று முடிவுகள் கையில் வந்த பிறகு. அவர் அரசாங்க கிளினிக்கும் நடத்துபவரென்றால் அதற்குக் கடிதம் கேளுங்கள். வாத நோய் நிபுணர்கள் இடமாற்றத்தில் மாறுவார்கள். யார் எங்கே கடமையில் என்று புறப்பட முன் விசாரியுங்கள். ருமட்டொயிட் வாதம் என்று சந்தேகம் இருந்தால் இந்தச் செலவு நியாயமானது: வீக்கம் தொடங்கி மூன்று மாதத்துக்குள் மருந்து தொடங்கினால் மூட்டுகள் கோணுவதைப் பெரும்பாலும் தடுக்கலாம்.

நாட்டு வைத்தியம்

சிறுநீரகம் சரியாக இருக்கிறதென்று தெரிய முன் பஸ்பம் (உலோகம், தாதுக்களைச் சுட்டெடுத்த பொடி) சேர்ந்த மருந்து எதையும் எடுக்காதீர்கள். பெயரில்லாத பொடியோ குளிசையோ இரண்டு நாளில் நோவைத் துடைத்து எடுத்தால், அதில் ஸ்டெரொயிட் கலந்திருக்கலாம். தனியார் டிஸ்பென்சரியில் போடும் ஊசிக்கும் இதே கதைதான். ஸ்டெரொயிட் வீக்கத்தை மறைத்துவிடும், நிபுணர் பார்க்கும்போது கையில் ஒன்றும் இராது. பல கிழமை எடுத்திருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது, உயிராபத்து. மிச்சக் குளிசைகளை அப்படியே டொக்டரிடம் காட்டுங்கள்.

எந்த வழிக்கும் காத்திருக்கக் கூடாத நேரங்கள்: மூச்சுத் திணறல், நெஞ்சு நோ, வலிப்பு, ஒரு பக்கம் விளங்காமல் போதல், முகமும் காலும் வீங்கிச் சலம் குறைதல். 1990 க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

எம்ஆர்ஐ (காந்தத்தால் எடுக்கும் ஸ்கேன்) எழுதித் தந்தால், உடலில் யுத்தத்தில் பட்ட ஷெல் துண்டு இருப்பதையோ இருக்கலாம் என்பதையோ முதலில் சொல்லுங்கள். காந்தத்தில் இரும்பு அசையும். கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தால் மிக ஆபத்து. ஒரு எக்ஸ்ரேயில் துண்டு இருக்கும் இடம் தெரிந்துவிடும்.