கைக்கு எட்டாத டிஸ்ட்ரிபியூட்டர்: வண்டியில் வைத்தே பார்ப்பதா, கழற்றுவதா, எலக்ட்ரானிக்குக்கு மாறுவதா?

பழைய செவர்லே ஸ்மால் பிளாக் வி8-இல் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு வரிசையாக மின்சாரத்தைப் பகிர்ந்து தரும் பாகம்) எஞ்சினின் பின்கோடியில் ஃபயர்வாலை ஒட்டி நிற்கும், பழைய மினியில் முன் கிரில்லுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடக்கும். எங்கே இருந்தாலும் பலர் அதைக் கழற்றத் தயங்குவது ஒரே பயத்தால்தான்: டைமிங், அதாவது ஸ்பார்க் வரும் நேரம், போய்விடும்.

ஆனால் கழற்றாமல் பாயிண்ட் (உள்ளே திறந்து மூடி ஸ்பார்க்கைத் தூண்டும் தொடுமுனைகள்) இடைவெளியை மட்டும் மாற்றினாலும் டைமிங் நகரத்தான் செய்யும். இடைவெளி கூடினால் ஸ்பார்க் முன்கூட்டி வரும், குறைந்தால் தாமதமாகும். ஆக எப்படியும் ஸ்பார்க் வரும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டை எடுத்தே ஆக வேண்டும். அப்புறம் எதற்குக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மினியில் 0.35-0.40 மில்லிமீட்டரே உள்ள இடைவெளியில் பீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) கோணலாகச் செருகி அளக்க வேண்டும்? கோணலாகப் போன கேஜ் சரியான அளவைச் சொல்லாது. பாயிண்டைப் பிடிக்கும் அந்தக் குட்டி ஸ்குரூ கைநழுவி பேஸ் பிளேட்டுக்கு அடியில் விழுந்தால் கடைசியில் கழற்றத்தான் போகிறீர்கள். ஒரே ஒரு விதிவிலக்கு, செவர்லேயில் வரும், கேப்பில் சின்ன ஜன்னல் உள்ள டெல்கோ ரெமி டிஸ்ட்ரிபியூட்டர். எஞ்சின் ஓடும்போதே ஆலன் கீயை உள்ளே விட்டு, மீட்டரைப் பார்த்து ட்வெல்லை (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) 30 டிகிரிக்குக் கொண்டுவரலாம், பாயிண்ட் நல்ல நிலையில் இருக்கும்வரை அதைக் கழற்றவே வேண்டாம்.

மினியில் கழற்றுவது நினைப்பதைவிடச் சுலபம். கிளாம்ப் பிளேட்டை பிளாக்கோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளை மட்டும் எடுங்கள், டிஸ்ட்ரிபியூட்டரின் கழுத்தை இறுக்கும் போல்ட்டைத் தொடாதீர்கள். அடியில் உள்ள இணைப்பு மையத்திலிருந்து சற்று விலகியிருப்பதால் ஒரே ஒரு நிலையில்தான் திரும்ப உட்காரும், தப்பாக மாட்டவே முடியாது. செவர்லேயில் கவனம் வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் கியரின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை என்பதால் தூக்கும்போது ரோட்டார் (கேப்புக்குள் சுழன்று மின்சாரத்தைப் பங்கிடும் கை) சுழலும். தூக்குவதற்கு முன் ரோட்டார் காட்டும் இடத்தில் ஒரு குறி, பல் விலகியதும் அது நிற்கும் இடத்தில் இன்னொரு குறி. திரும்ப மாட்டும்போது ஆயில் பம்ப் தண்டும் பொருந்தினால்தான் முழுதாக இறங்கும், இறங்கவில்லை என்று கிளாம்பை இறுக்கி அழுத்தாதீர்கள்.

மேஜைக்கு வந்துவிட்டால் தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து ஆடினால் பாயிண்டை எத்தனை முறை வைத்தாலும் நிற்காது. வேகம் கூடும்போது ஸ்பார்க்கை முன்கூட்டி வரவைக்கும் அட்வான்ஸ் வெயிட்டுகள் தடையின்றி விரிகின்றனவா, வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சினால் பிளேட் நகர்கிறதா என்பதெல்லாம் அங்கேதான் நிம்மதியாகத் தெரியும்.

பாயிண்டுக்குப் பதிலாக மாட்டும் எலக்ட்ரானிக் மாட்யூல் அடிக்கடி குனிய வேண்டாம் என்பவர்களுக்கு நல்ல வழிதான், உராய்ந்து தேய்கிற பாயிண்ட் அதில் இல்லை. ஆனால் ஒட்டிக்கொண்ட வெயிட்டுகளை அது சரிசெய்யாது, அதனால் பொருத்தும் அந்த ஒரு தடவையாவது கழற்றிப் பொருத்துங்கள். வயர்களை மாற்றிக் கொடுத்தால் மாட்யூல் போய்விடும், சில வகைகள் எஞ்சின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டாலே சூடாகிப் பழுதாகும். நடுவழியில் பாயிண்ட் கருகினால் தேய்த்துவிட்டு ஓட்டலாம், மாட்யூலுக்கு அந்த வழி இல்லை. நெடுந்தூரம் போகிறவராக இருந்தால் பாயிண்ட், கண்டென்சர் வைத்துத் தயாராக்கிய இன்னொரு முழு டிஸ்ட்ரிபியூட்டரை டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள்.